மும்பையிலிருந்து தூத்துக்குடி: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

சென்ற மாதம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"அங்கிள், ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. திடீர்னு கிளம்ப வேண்டி வந்தா, இங்கிருந்து தூத்துக்குடிக்கு எத்தனை மணி நேரம்னு வச்சுக்கலாம்? ஒரு இடத்துல 1280 கிலோமீட்டர், ரெண்டேகால் மணி நேரம்னு போட்டிருக்கு. டிக்கெட் பார்த்தா ஆறு மணி நேரம்னு காட்டுது. எது சரி?"

"இரண்டும் சரிதான் தம்பி. ஆனால் இரண்டில் எதையும் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதே" என்றேன். அவருக்கு அங்கே நின்றபடி சொன்ன பதில் அரைகுறையாக இருந்தது. அதை முழுமையாக எழுதினால் மற்ற அன்பர்களுக்கும் பயன்படுமே என்றுதான் இந்தக் கட்டுரை. நம் சங்கத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைக்காரர்கள் பாதிப் பேருக்கு மேல் இருப்பதால், இந்த இரண்டு கடற்கரை ஊர்களையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 1280 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இதற்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லஸும் ஒரு பென்சிலும் போதும்.

பூமியின் சுற்றளவை 360 பாகையாகவும், ஒவ்வொரு பாகையையும் 60 கலையாகவும் பிரித்திருக்கிறார்கள். ஜாதகம் கணித்த வீட்டில் பிறந்தவர்களுக்குப் பாகையும் கலையும் புதிதல்ல. வடக்கு தெற்காக ஒரு கலை தூரம் நகர்ந்தால் அதுவே ஒரு கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் நாட்டிகல் மைல் என்பது இதைத்தான். 1929ஆம் ஆண்டு மொனாக்கோவில் கூடிய சர்வதேச மாநாடு இதை 1852 மீட்டர் என்று நிர்ணயம் செய்தது. ஆக, அட்சரேகையில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல், அதாவது சுமார் 111 கிலோமீட்டர்.

மும்பை சாந்தாகுரூஸ் விமான நிலையம் வடக்கே 19 பாகை 5 கலையில் இருக்கிறது. தூத்துக்குடிக்கான விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் 8 பாகை 43 கலை. வித்தியாசம் 10 பாகை 22 கலை. கலையாக மாற்றினால் 622. அதாவது தூத்துக்குடி மும்பைக்கு 622 கடல் மைல் தெற்கே இருக்கிறது.

இனிக் கிழக்கு மேற்கு. மும்பையின் தீர்க்கரேகை 72 பாகை 52 கலை, வாகைக்குளம் 78 பாகை 2 கலை. வித்தியாசம் 5 பாகை 10 கலை, அதாவது 310 கலை. இதை அப்படியே கடல் மைலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உரித்த ஆரஞ்சுப் பழத்தைப் பாருங்கள். சுளைகள் நடுவில் பருத்தும் காம்புப் பக்கம் ஒடுங்கியும் இருக்கின்றன அல்லவா? தீர்க்கரேகைகளும் அப்படித்தான், வடக்கே போகப்போக நெருங்கிவிடும். எவ்வளவு நெருங்கும் என்பதை அந்த இடத்து அட்சரேகையின் கொசைன் சொல்லும். நம் இரண்டு ஊர்களுக்கும் நடு அட்சரேகை ஏறத்தாழ 14 பாகை, அதன் கொசைன் 0.97. 310ஐ 0.97ஆல் பெருக்கினால் 301 கடல் மைல்.

தெற்கே 622, கிழக்கே 301. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் கிடைத்துவிட்டன. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டினால் 4,77,485. அதன் வர்க்கமூலம் 691. ஆக 691 கடல் மைல், 1852 மீட்டரால் பெருக்கினால் 1280 கிலோமீட்டர். பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றே தட்டையானது. அதனால் சில கிலோமீட்டர் கூடக்குறைய இருக்கலாம். நம் தேவைக்கு இது போதும்.

இதே முறையில் மும்பை சென்னை தூரத்தைப் போட்டால் 558 கடல் மைல், அதாவது 1033 கிலோமீட்டர் வரும். ஆனால் ரயில் பாதையில் மும்பையிலிருந்து சென்னைக்கு 1281 கிலோமீட்டர். ஏறக்குறைய கால் பங்கு அதிகம். ரயில்காரன் என்பதால் இதற்கு ஒரு விளக்கம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மும்பையையும் சென்னையையும் இணைப்பதற்காக யாரும் உட்கார்ந்து ஒரே கோடாக இந்தப் பாதையைப் போடவில்லை. மும்பைப் பக்கத்திலிருந்து ஜி.ஐ.பி. கம்பெனி, பருத்தி விளையும் பூமியைத் தேடிக்கொண்டு தென்கிழக்கே வந்தது. சென்னைப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனி வடமேற்கே போயிற்று. இரண்டும் 1871இல் ராய்ச்சூரில் சந்தித்தன. அவரவர் வியாபாரத்துக்கு ஏற்ற வழியில் வந்து ஓரிடத்தில் கைகோத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை வேறு. கர்ஜத்திலிருந்து லோணாவளாவுக்கு ஏறும் போர் காட் பாதையில் 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். அதனால்தான் இன்றும் அங்கே ரயிலுக்குப் பின்னாலிருந்து பாங்கர் என்ஜின்கள் தள்ளுகின்றன. அந்த மலையில் பி.டபிள்யூ.ஐ. வேலை பார்த்து நடந்த நாட்களில் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். விமானம் அந்த மலையை ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடுகிறது என்பதைப் பார்க்கச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, தூரம் தெரிந்துவிட்டது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று ஐந்தாம் வகுப்பில் படித்தோம். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 450 கடல் மைல், அதாவது 830 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகப் பறக்கிறது. அப்படியானால் சென்னைக்கு 558ஐ 450ஆல் வகுத்து, ஒரு மணி 14 நிமிடம் என்று சொல்லிவிடலாமா? டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருக்கிறார்களே, மீதி முக்கால் மணி எங்கே போயிற்று?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. விமானத்தின் சக்கரத்துக்கு அணைகொடுத்த கட்டையை எடுத்த நிமிடம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை உள்ள நேரம். இதை அவர்கள் பிளாக் நேரம் என்கிறார்கள். நாங்கள் ரயில்வேயில் பிளாக் என்றால் அதற்கு வேறு அர்த்தம், அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டை எடுத்த பிறகு விமானம் ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போக வேண்டும். மும்பையில் இரண்டு ஓடுபாதைகள் உண்டு. ஆனால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். கல்யாண் ஜங்ஷனில் நுழையக் காத்திருக்கும் வண்டிகளைப் போல விமானங்கள் வரிசையில் நிற்கும். இருபது நிமிடம் சாதாரணமாகப் போய்விடும். மேலே எழும்பிய பின்னும் உடனே முழு வேகம் கிடையாது. 35,000 அடிக்கு ஏறவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்குவதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. 35,000 அடிக்கு 105 கடல் மைல், அதாவது 190 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்குப் போகும் விமானம் கடப்பையைத் தாண்டியதுமே இறங்கத் தொடங்கிவிடுகிறது! 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் வண்டியை நிறுத்த எங்களுக்கு ஒரு கிலோமீட்டர் வேண்டும் என்றால் ஆச்சரியப்படுவார்கள். இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

இதோடு, விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். அதனால் சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். இப்படிப் போகும் சுற்றுக்கு ஒரு 40 கடல் மைல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே என் கைக்கணக்கு இது: நேர்கோட்டுத் தூரத்தோடு 40 கடல் மைல் கூட்டுங்கள், 450ஆல் வகுங்கள், வந்த நேரத்தோடு 40 நிமிடம் சேருங்கள். சென்னைக்கு 598 கடல் மைல், 80 நிமிடம், அதோடு 40. இரண்டு மணி நேரம். டிக்கெட்டோடு பொருந்துகிறது.

காற்றையும் மறக்கக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. கீழே நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று, மேலே அதற்கு நேர் எதிர்! இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர். மழைக்காலத்தில் மும்பையிலிருந்து சென்னை போகும் விமானத்துக்கு இது எதிர்க்காற்று. 40 கடல் மைல் வேக எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால், தரையைப் பார்த்து வேகம் 450லிருந்து 410 ஆகிவிடும். 80 நிமிடம் 88 ஆகும். திரும்பி வரும்போது 490 வேகம் கிடைக்கும், 73 நிமிடம். கவனியுங்கள், போகும்போது இழந்தது எட்டு நிமிடம், வரும்போது கிடைத்தது ஏழு. ஆற்றில் எதிர்நீச்சல் போட்டவர்களுக்கு இது தெரியும். காற்று கடனை முழுதாகத் திருப்பித் தருவதே இல்லை.

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். வாகைக்குளத்தில் ஓடுபாதையின் நீளம் நெடுங்காலம் 1350 மீட்டர்தான். ஜெட் விமானம் அதில் நிறைய பயணிகளோடு ஏறி இறங்க முடியாது. விசிறி வைத்த சிறிய விமானங்களுக்குத்தான் அது போதும். அதனால்தான் நம்மவர்கள் சென்னைக்குப் போய், அங்கே விமானம் மாறி, மறுபடி தெற்கே வர வேண்டியிருந்தது. பிறகு ஓடுபாதையை 3115 மீட்டராக நீட்டினார்கள். புதிய முனையக் கட்டடம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. மும்பையிலிருந்து ஒரே பறப்பில் ஜெட் விமானம் போனால், நம் வாய்ப்பாட்டின்படி 731 கடல் மைல், 98 நிமிடம், அதோடு 40. இரண்டு மணி 18 நிமிடம். அந்த இளைஞர் பார்த்த இரண்டேகால் மணி இதுதான்.

சென்னை வழியாகப் போனால் கதை வேறு. சென்னையிலிருந்து வாகைக்குளம் 285 கடல் மைல், அதாவது 530 கிலோமீட்டர். விசிறி விமானத்தின் வேகம் மணிக்கு 270 கடல் மைல்தான் என்பதால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். காற்றில் மொத்தம் 1560 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறோம். நேர்கோட்டைவிட 280 கிலோமீட்டர் அதிகம். இரண்டு பறப்பும் சேர்ந்து மூன்றரை மணி, சென்னையில் காத்திருப்பது இரண்டரை மணி, ஆக ஆறு மணி நேரம். டிக்கெட்டில் அவர் பார்த்தது இது.

இந்த ஆறு மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

2014 ஜூலையில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து தம்பியின் போன். அப்பா போய்விட்டார். எட்டரை மணி சென்னை விமானத்தில் இடம் கிடைத்தது. 10.25க்குச் சென்னை, 12.10க்கு அடுத்த விமானம், 1.40க்கு வாகைக்குளம். தம்பி கேட்டான்: "அண்ணே, எத்தனை மணின்னு சரியாச் சொல்லுங்க. ஐஸ் பெட்டி சொல்லணுமா?" நான் டிக்கெட்டைப் பார்த்தபடி மனதுக்குள் கூட்டினேன். "வேண்டாம்டா, மூணு மணிக்குள்ள வீட்ல இருப்பேன்" என்றேன்.

மும்பையில் அன்று கனமழை. 8.30 விமானம் 9.50க்குத்தான் எழும்பியது. சென்னையில் இறங்கி வெளியே வரும்போது 11.40. தூத்துக்குடி விமானத்துக்கு கவுண்டரை முக்கால் மணி நேரம் முன்னதாக மூடிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன். உறவினர்கள் எல்லோரும் மூன்று மணி என்று வந்து உட்கார்ந்திருந்தார்கள், பாடை கட்டத் தொடங்கியாகிவிட்டது. இனிமேல் பெட்டி வரவழைத்து இராத்திரி முழுக்க வைக்க வேண்டாம், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவோம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. வாடகைக் கார் பிடித்து நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி பதினொன்றே முக்கால். மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை என் தம்பி வைத்திருந்தான். வாசல் கழுவி விட்டிருந்தது.

'நாளைக் காலை வருவேன், பெட்டி சொல்லிவிடு' என்று விடியற்காலையிலேயே சொல்லியிருந்தால் அவர்கள் காத்திருப்பார்கள்.

பிளாக் என்பதற்கு ரயில்வேயில் வேறு அர்த்தம் உண்டு என்றேன். தண்டவாளத்தை மாற்றவோ ஸ்லீப்பர் போடவோ வேண்டுமானால் அந்தப் பாதையில் வண்டி விடாமல் இத்தனை மணி நேரம் எங்களிடம் கொடுங்கள் என்று கன்ட்ரோலரிடம் கேட்டு வாங்குவதுதான் பிளாக். நாற்பது நிமிடத்தில் முடியும் வேலைக்கு நான் ஒரு மணி நேரம் கேட்பேன். போல்ட் துருப்பிடித்திருக்கும், கருவி வண்டி தாமதமாகும், மழை பிடிக்கும். சொன்ன நேரத்துக்குப் பாதையைத் திருப்பித் தராவிட்டால் பின்னால் எத்தனையோ வண்டிகள் நின்றுபோகும். கால அட்டவணை போடும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் இன்ஜினீயரிங் அலவன்ஸ் என்று சில நிமிடங்கள் சேர்ப்போம். எக்ஸ்பிரஸ் வண்டிக்குக் கடைசி ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலிருந்து கடைசி வரை ஏன் இவ்வளவு அதிக நேரம் போட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். வழியில் ஆன தாமதத்தை விழுங்குவதற்காக வைத்த இடம் அது. முப்பத்தேழு வருஷ சர்வீஸில் யாருக்கும் மொட்டை நேரம் கொடுத்ததில்லை. என் தம்பிக்குத்தான் கொடுத்தேன்.

ஆகவே டோம்பிவிலியில் வீட்டை விட்டுப் புறப்பட்டுத் தூத்துக்குடியில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை உள்ள நேரத்தைக் கணக்கிடுங்கள். வீட்டிலிருந்து விமான நிலையம் இரண்டு மணி. பறப்பதற்கு முன் இரண்டு மணி. டிக்கெட்டில் உள்ள ஆறு மணி. வாகைக்குளத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போக ஒரு மணி. மொத்தம் பதினொன்று. 1280 கிலோமீட்டரைப் பதினொன்றால் வகுத்தால் மணிக்கு 116 கிலோமீட்டர் வருகிறது. எங்கள் மெயில் வண்டிகளுக்கு அனுமதித்த உச்சவேகமே 110. இதைச் சொல்லிச் சிரிக்கலாம்தான். ஆனால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போனால் ஒன்றரை நாள் ஆகும் என்பதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

இன்னொரு வழியும் உண்டு. மும்பையிலிருந்து மதுரை நேர்கோட்டில் 632 கடல் மைல். நேரடி விமானம் கிடைக்கும் நாளில் இரண்டு மணி பத்து நிமிடம். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால், நகருக்குள் போகாமலே தூத்துக்குடி நாற்கரச் சாலையைப் பிடித்துவிடலாம், இரண்டரை மணி நேரம். எல்லாம் சேர்த்து ஒன்பதரை மணிக்குள் வந்துவிடும். அதைவிட முக்கியம், நடுவில் விமானம் மாறுவதில்லை. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் நீங்களும் ஒரு மணி நேரம்தான் தாமதம். மாறிப் போகும் வழியில் அதே ஒரு மணி நேரம் அரை நாளாகவோ ஒரு நாளாகவோ வளர்ந்துவிடும். அவசரத்துக்குப் போகிறவர்கள் டிக்கெட் விலை ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் நேரடி விமானத்தையே பாருங்கள். திருவனந்தபுரத்துக்கு நேரடியாகப் போய்க் காரில் வருவதும் இதே கணக்குத்தான், காரில் மட்டும் கூடுதல் நேரம்.

அன்று காப்பி ஆறிப்போகும் வரை நின்று கேட்ட அந்த இளைஞர், சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து '11' என்று குறித்துக்கொண்டார். அதன் கீழே '14' என்றும் எழுதச் சொன்னேன். பதினொன்று அவர் டிக்கெட் எடுப்பதற்கு. பதினான்கு ஊரில் சொல்வதற்கு. பதினான்கு கூட்டி வரும் நேரம் பொழுது சாய்ந்த பின் என்றால், நாளைக் காலை என்று சொல்லிவிட வேண்டும்.